கந்தோரிலே நன்னம்பிக்கை

காப்புறுதி முகவரை அறியாத குடும்பம் வெள்ளவத்தையில் இல்லை. காலி வீதியிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், கையிலே தோற்பையும் முகத்திலே புன்னகையுமாக வீடு வீடாக ஏறி இறங்கும் அம்மனிதருக்கு நாம் வழக்கமாகக் கூறும் விடைகளும் அவர் நன்கு அறிந்தவையே. "அவர் வீட்டில் இல்லை", "அடுத்த மாதம் பார்ப்போம்", "எங்களுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது" என்பன அவற்றுட் சில. ஒன்பது வீடுகள் இவ்வாறு கதவைச் சாத்திய பின்னரும் பத்தாவது வீட்டின் மணியை அவர் அழுத்துகின்றாரே, அதற்கு வேண்டிய மனவலிமை எங்கிருந்து வருகின்றது? இக்கேள்வியைப் பொழுதுபோக்காகக் கேளாமல், பெரும் பணத்தைச் செலவிட்டு ஆராய்வித்த கம்பெனி ஒன்றுண்டு.

அமெரிக்காவின் மெற்றோபொலிற்றன் லைஃப் என்னும் காப்புறுதிக் கம்பெனி 1980களில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 5,000 புதிய முகவர்களைச் சேர்த்துப் பயிற்றி வந்தது. அவர்களுட் பாதிப்பேர் முதலாண்டிலேயே விலகிவிடுவர். நான்காம் ஆண்டு முடியுமுன் ஐந்தில் நான்கு பங்கினர் போய்விடுவர். பயிற்சிக்குச் செலவிட்ட பணம் ஆற்றிலே கரைத்த புளியாயிற்று. இந்நிலையிலே கம்பெனியார், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து உளவியற் பேராசிரியர் மாட்டின் செலிக்மனின் உதவியை நாடினர். 1985ஆம் ஆண்டிலே, வேலைக்கு விண்ணப்பித்த 15,000 பேருக்கு இரண்டு பரீட்சைகள் வைக்கப்பட்டன. ஒன்று, கம்பெனி பல்லாண்டுகளாக நடத்திவந்த வழக்கமான தேர்வு. மற்றையது, ஒருவர் தமக்கு நேரும் நன்மை தீமைகளுக்கு எவ்வகைக் காரணங்களைக் கூறுகின்றார் என்பதை அளக்கும் செலிக்மனின் வினாத்தாள்.

வழக்கமான தேர்விற் சித்தியெய்திய 1,000 பேர் வேலைக்கு எடுக்கப்பட்டனர். அவர்களுள் நன்னம்பிக்கை மிக்கோர், அவநம்பிக்கை உடையோரிலும் பார்க்க முதலாண்டில் 8 வீதமும் இரண்டாம் ஆண்டில் 31 வீதமும் கூடுதலாக விற்றனர். இதனிலும் வியப்பானது வேறொன்று. வழக்கமான தேர்விலே தவறியவர்களாயினும் நன்னம்பிக்கையிலே மேலோங்கி நின்ற 129 பேரைத் தனிப்படையாகச் சேர்த்துப் பார்த்தனர். கம்பெனியின் கதவு ஒருபோதும் திறந்திராத இவர்கள், முறைப்படி சேர்ந்த அவநம்பிக்கையாளரை முதலாண்டில் 21 வீதத்தாலும் இரண்டாம் ஆண்டில் 57 வீதத்தாலும் விஞ்சினர். பரீட்சை வைப்பதும் விடைத்தாள் திருத்துவதுமாகவே காலங்கழிக்கும் நம் போன்றோருக்கு இச்செய்தி அவ்வளவு இனிப்பானதன்று. ஆயினும் உண்மை உண்மையே.

நன்னம்பிக்கை என்பது யாது? எப்போதும் சிரித்த முகத்தோடிருத்தல் என்று பலர் எண்ணுகின்றனர். செலிக்மன் கூறுவது அதுவன்று. துன்பம் வந்தபோது, "இஃது ஏன் வந்தது?" என ஒருவர் தமக்குத்தாமே கூறிக்கொள்ளும் விளக்கத்திலேதான் அவர் நன்னம்பிக்கையைத் தேடுகின்றார். கணக்கியற் பரீட்சையிலே தவறிய இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவன், "எனக்குக் கணக்கு ஒருகாலும் வராது, நான் எதற்கும் உதவாதவன், எல்லாம் என் பிழை" என்கின்றான். மற்றவன், "இம்முறை தேய்மானப் பகுதியைச் சரியாகப் படிக்கவில்லை, பரீட்சைக்கு முந்திய வாரம் காய்ச்சலும் வந்துவிட்டது" என்கின்றான். முதல்வனின் விளக்கம் காலத்தால் முடிவில்லாதது. வாழ்க்கை முழுவதையும் மூடிக்கொள்வது. பழி முழுவதையும் தன்மேற் போட்டுக்கொள்வது. இரண்டாமவனுடையதோ ஒரு காலத்துக்கும் ஒரு பகுதிக்கும் உட்பட்டது. அடுத்த தவணையிலே மீண்டும் புத்தகத்தைத் திறப்பவன் இவ்விருவருள் எவன் என்பதைச் சொல்ல உளவியலாளர் வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். இரண்டாமவனும் தேய்மானப் பகுதியைப் படித்தேயாக வேண்டும். காரணத்தை அழகாகச் சொன்னமைக்காக எவரும் புள்ளி போடார்.

செலிக்மன் இத்துறைக்கு வந்தது மகிழ்ச்சியை ஆராய்ந்தன்று, சோர்வை ஆராய்ந்தேயாகும். 1967ஆம் ஆண்டில் அவரும் ஸ்ரீவன் மேயர் என்பாரும் வெளியிட்ட ஆய்வு உளவியல் மாணவர் யாவரும் அறிந்தது. மின்னதிர்ச்சியைத் தம் முயற்சியால் நிறுத்த இயலாத நிலையிலே வைக்கப்பட்ட நாய்களைப் பின்னர் வேறொரு பெட்டியில் விட்டனர். அங்கே தாழ்ந்த தடுப்பொன்றைத் தாண்டினாற் போதும், துன்பம் தீரும். ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை தாண்ட முயலவேயில்லை, படுத்துக் கிடந்தன. முன்பு மின்னதிர்ச்சியைத் தாமே நிறுத்தப் பழகிய நாய்கள் எளிதிலே தாண்டின. நாய்களை இவ்வாறு வருத்தியதை நாம் விரும்பவில்லை. இக்காலத்திலே அத்தகைய ஆய்வுக்கு அனுமதி கிடைப்பதும் அரிது. எனினும், 'எது செய்தும் பயனில்லை' என்பதை உயிர்கள் கற்றுக்கொள்கின்றன என்னும் கொள்கை இதிலிருந்து பிறந்து உலகெங்கும் பரவியது.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின், 2016ஆம் ஆண்டில், அதே இருவரும் தம் கொள்கையைத் தலைகீழாகத் திருப்பி எழுதினர். மூளையைப் பற்றிய புதிய ஆய்வுகளின்படி, நீண்ட துன்பத்தின் முன் செயலற்றுப் போதலே உயிர்களின் இயல்பு. அது கற்று வருவதன்று. கற்கப்படுவது, 'என் செயலால் இதை மாற்ற இயலும்' என்னும் உணர்வேயாம். மூளையின் முன்பகுதி அவ்வுணர்வைப் பெறும்போது, அச்சோர்வை எழுப்பும் பகுதியை அடக்குகின்றது. தாம் புகழ்பெறக் காரணமாயிருந்த கொள்கையையே முதுமையிலே திருத்தி எழுதும் துணிவு அறிஞர் எல்லோரிடமும் காணப்படுவதன்று. அது நிற்க. இத்திருத்தம் தொழில் செய்யும் இடங்களுக்கு மிக முக்கியமானது. மாற்றும் வாய்ப்பு ஒரு முறையேனும் கைக்கு எட்டாத இடத்திலே நன்னம்பிக்கையைக் கற்பிக்க முடியாது என்பதே அதன் பொருள்.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தார் பழமொழி. அரசாங்க உத்தியோகமே ஆயுளுக்கும் காப்பு என்பது நம் பாட்டன்மாரின் உறுதி. ஆனால், அரசாங்க உத்தியோகத்தரின் உடல்நலத்தை இலண்டனிலே ஆராய்ந்தோர் கண்டது வேறு. 1985ஆம் ஆண்டு தொடங்கிய வைற்ஹோல் இரண்டாம் ஆய்விலே 10,308 உத்தியோகத்தர் சேர்க்கப்பட்டனர். மைக்கேல் மார்மட் என்னும் மருத்துவ அறிஞர் தலைமையில் நடந்த அவ்வாய்வு, எல்லோருக்கும் ஓய்வூதியமும் நிழலும் உண்டாயினும், தம் வேலையைத் தாமே நடத்தும் உரிமை குறைந்தவர்களிடத்து இருதய நோய் மிகுந்திருப்பதைக் காட்டிற்று. பொறுப்பு மிகுந்த மேலதிகாரிக்கே மாரடைப்பு வரும் என்னும் பொதுநம்பிக்கை பிழையாயிற்று. கதிரையிலே இருந்தபடி, மேலிருந்து வருவதைக் கீழே அனுப்பும் எழுதுவினைஞரின் நெஞ்சே கூடுதலாகத் தேய்கின்றது.

எழுதுவினைஞர் என்றதும் நம் நாட்டு எழுதுவினைஞர் ஒருவரை இங்கே நினையாதிருத்தல் இயலாது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1961ஆம் ஆண்டிலே திறைசேரி விடுத்த சுற்றறிக்கையின்படி, குறித்த சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியெய்தாத உத்தியோகத்தருக்குச் சம்பள உயர்ச்சி இல்லையென்றாயிற்று. கோடீஸ்வரன் என்னும் தமிழ் எழுதுவினைஞர் அப்பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962ஆம் ஆண்டில் அவருக்குரிய உயர்ச்சி நிறுத்தப்பட்டது.

அக்காலத்திலே அவர் நிலையிலிருந்த தமிழ் உத்தியோகத்தர் பலர். சிலர் பரீட்சை எழுதினர். சிலர் ஓய்வுபெற்றனர். சிலர் இங்கிலாந்துக்கும் ஆபிரிக்காவுக்கும் சென்றனர். அவர்களுள் எவரையும் குறைகூற நமக்கு உரிமையில்லை. பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். கோடீஸ்வரன் செய்தது வேறு. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்திலே அரசாங்கத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். 'தமிழனுக்கு இந்த நாட்டில் இனி எதுவுமில்லை' என்பதன்று அவர் வழக்கு. இன்ன சுற்றறிக்கை, இன்ன சட்டம், யாப்பின் 29ஆம் பிரிவுக்கு மாறாக உள்ளது. ஆதலால் இன்ன ஆண்டின் உயர்ச்சியைத் தருக என்பதே அவர் கோரிக்கை. செலிக்மனின் வினாத்தாள் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னே, ஒரு துன்பத்தைக் காலத்தாலும் பரப்பாலும் அளந்து, தன் தகுதிக் குறைவென ஏற்க மறுத்து, ஓர் எழுதுவினைஞர் வழக்கறிக்கையாக எழுதிக் காட்டினார்.

1964ஆம் ஆண்டிலே நீதிபதி ஓ. எல். டி கிரெற்சர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1967ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் அதனை மாற்றிற்று. மொழிச் சட்டத்தைப் பற்றி அன்று, அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்காட முடியாது என்று. வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்குச் சென்றது. 1969 திசம்பரில் அக்கழகம், ஊழியர் சம்பளத்துக்காக வழக்காடலாம் எனத் தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா என்பதை ஆராயும்படி இங்குள்ள நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது. அவ்வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிடும் வழி அடைபட்டது. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பிலே 29ஆம் பிரிவே இல்லாமற் போயிற்று. தமிழும் ஓர் அரசகரும மொழியாகும் என யாப்பு கூறியது 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்திலேயாம்.

அப்படியானால் அவர் வென்றாரா, தோற்றாரா? மொழி பற்றிய வினா விடையின்றி முடிந்தது. எனினும், அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக நீதிமன்றப் படியேறலாம் என்னும் விதி நிலைத்தது. எவ்வினத்து ஊழியருக்கும் அது பொது. பொதுநலவாய நாடுகளின் சட்ட நூல்களிலே கோடீஸ்வரன் வழக்கு இன்றும் எடுத்தாளப்படுகின்றது. வெற்றி தோல்வி என்னும் இரண்டே அறைகளுக்குள் இத்தகைய முயற்சியை அடைத்துவிட இயலாது.

இன்றைய கந்தோர்களுக்கு வருவோம். 2022ஆம் ஆண்டை எவரும் மறந்திரார். ஏப்பிரல் 12ஆந் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அரசாங்கம் அறிவித்தது. மார்ச்சு முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டது, அச்சடிக்கக் கடதாசி இல்லாமையால். செத்தெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஆண்டுக்கு 69.8 வீதம் ஏறியிருந்தது. அரசாங்க ஊழியர் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து தோட்டஞ் செய்யுமாறு விடுமுறை வழங்கப்பட்டது. வெள்ளவத்தை மாடிவீட்டுப் பல்கணியிலே இரண்டு மிளகாய்ச் செடிக்கு மேல் என்ன நடலாம் என்பதைச் சுற்றறிக்கை கூறவில்லை. அவ்வாண்டிலே மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடிக் கடல்கடந்தனர். எஞ்சியோர், வெறுங் கதிரைகளுக்கிடையே இருந்து, போனவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்தனர்.

அக்காலத்திலேதான் நம் பழைய மாணவர் ஒருவர், கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர், கோட்டையிலுள்ள தனியார் நிறுவனமொன்றிலே கணக்குப் பகுதியில் வேலை பார்த்துவந்தார். மேலதிகநேரக் கொடுப்பனவை நிறுத்திய அதே மாதத்திலே, நிறுவனத்தார் ஒரு பேச்சாளரை அழைத்து, 'நல்லதையே எண்ணுக' எனப் பொருள்படும் சொற்பொழிவொன்றை நடத்தினராம். அன்றைய நாளில் நடந்த மூன்று நன்மைகளை எழுதுமாறு யாவருக்கும் தாள் கொடுக்கப்பட்டது. மாணவர் எழுதியவை: "பேருந்து வந்தது. சமைக்கும் நேரத்தில் மின்சாரம் இருந்தது. இந்தக் கூட்டம் ஐந்து மணிக்கு முடிந்துவிடும்." இதைச் சொல்லிவிட்டு, "சேர், நான் எழுதினது பிழையா?" என்று நம்மைக் கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பிழையில்லைத் தம்பி, மூன்றும் உண்மைதானே" என்றோம்.

மூன்று நன்மைகளை எழுதும் பயிற்சியை நாம் இகழவில்லை. செலிக்மனும் அவர்தம் தோழரும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, ஒரு வாரம் இரவுதோறும் அவ்வாறு எழுதியோரின் மகிழ்ச்சி ஆறு மாதங்கள் வரை உயர்ந்திருந்தது. தாமே விரும்பித் தம் குறிப்பேட்டிலே எழுதினால் அது மருந்து. சம்பளத்தைக் குறைத்தவன் தாளை நீட்டி 'எழுது' என்றால் அதன் பெயர் வேறு. 1998ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியற் சங்கத் தலைவராயிருந்த செலிக்மன், நோயை மட்டுமன்றி நலத்தையும் ஆராய்க என உளவியலாளரை அழைத்தார். தொழிலாளரின் முறைப்பாட்டை நோயெனக் கொள்க என்று அவர் கூறவில்லை.

இவ்விடத்திலே திருக்குறளின் அதிகார அமைப்பு நமக்கு நினைவு வருகின்றது. துன்பத்திலே கலங்காதிருத்தலைக் கூறும் 'இடுக்கணழியாமை' 63ஆம் அதிகாரம். விடாமுயற்சியைக் கூறும் 'ஆள்வினையுடைமை' அதற்கு முன்னுள்ள 62. இவை இரண்டும் எங்கே வைக்கப்பட்டுள்ளன? பொருட்பாலின் அரசியல் என்னும் பகுதியிலே. குடிகளுக்கு இவை வேண்டாவென்பதன்று. ஆளுகின்றவனிடத்தே முதலில் இவற்றை எதிர்பார்க்க வேண்டும் என்பது அவ்வமைப்பிலிருந்து நாம் கொள்ளும் கருத்து. நிறுவனத் தலைவர்கள் ஊழியருக்குச் சொற்பொழிவு வைக்குமுன் இந்த வரிசையைச் சற்றே நோக்குவாராக.

ஆளுகின்றவனின் நன்னம்பிக்கைக்கும் எல்லை வேண்டும் என்பதை நம் நாடு அதிக விலை கொடுத்துக் கற்றது. 2021ஆம் ஆண்டிலே, நாடு முழுவதும் ஒரே நாளிற் சேதன வேளாண்மைக்கு மாறிவிடும் என்னும் பெருநம்பிக்கையோடு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. விவசாயிகளின் எச்சரிக்கை அவநம்பிக்கை எனத் தள்ளப்பட்டது. நெல் விளைச்சல் சரிந்தது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே தடை தளர்த்தப்பட்டது. பொருளாதாரத்தைப் பிழையாக நடத்தியோர் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14ஆந் தேதி தீர்ப்பளித்தது.

செலிக்மனே இவ்வெல்லையை வகுத்திருக்கின்றார். தோற்றால் இழப்பது சிறிதெனின் நம்பிக்கையோடு முயல்க. இழப்பது பெரிதெனின் ஐயமே துணை என்பது அவர் கருத்து. இறக்கையிலே படிந்த பனியை நீக்காமற் புறப்படலாமா என்று முடிவு செய்யும் விமானியிடம் நன்னம்பிக்கை வேண்டாம். மணியடிக்கும் முகவருக்கு அது வேண்டும். ஆதலால் ஒரு நிறுவனத்திலே விற்பனைப் பகுதிக்கு ஒருவகை மனமும், கணக்கு, பாதுகாப்புப் பகுதிகளுக்கு இன்னொருவகை மனமும் தேவைப்படுகின்றன. எல்லோரும் ஒரே சிரிப்பைச் சிரிக்கும் கந்தோரிலே பனி படிந்திருப்பதை எவர் சொல்வார்?

நாட்சம்பளக்காரரின் நிலையையும் இங்கே சொல்லாமல் விட இயலாது. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலே மூடை சுமக்கும் நாட்டாமைகளும், கைவண்டி இழுப்போரும் பலர் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் முதலிய இடங்களில் வாழ்வோர். 2020 ஒக்ரோபர் இறுதியிலே அப்பகுதிகள் தொற்றுநோய் ஊரடங்கின்கீழ் வந்தபோது, வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதி மூடைக்கு இல்லை. உளவியல் நூல்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரரை வைத்தே எழுதப்படுகின்றன. நாளைக்கு வேலை உண்டு என்னும் உறுதியே அம்மக்களுக்கு முதலாவது நன்னம்பிக்கைப் பயிற்சி.

அவ்வாறாயின், படிப்பு முடித்து வேலைக்குப் புறப்படும் மாணவர் என் செய்வது? எமி எட்மன்சன் என்னும் ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைத் தாதியர் குழுக்களை ஆராய்ந்தார். நன்கு நடத்தப்படும் குழுக்களிலே மருந்து கொடுப்பதில் பிழைகள் குறைவாயிருக்கும் என எதிர்பார்த்தார். ஏடுகளைப் பார்த்தபோது அக்குழுக்களிலேயே பிழைகள் கூடுதலாகப் பதியப்பட்டிருந்தன. மேலும் ஆராய்ந்தபோது விளங்கியது: அவர்கள் கூடுதலாகப் பிழை செய்தவரல்லர், அச்சமின்றிக் கூடுதலாகச் சொன்னவர். மற்றக் குழுக்களிலே பிழைகள் ஏட்டுக்கு வராமலே மறைந்தன. இவ்வச்சமின்மையைப் பற்றி 1999ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை இன்று முகாமைத்துவ மாணவர்களுக்குப் பாடம்.

ஆதலால் நேர்முகப் பரீட்சையின் முடிவிலே, "நீர் ஏதேனும் கேட்க விரும்புகின்றீரா?" என்னும்போது, சம்பளத்தையும் விடுமுறையையும் பற்றிக் கேட்ட பின், இன்னொன்றையும் கேட்குமாறு நம் மாணவருக்குச் சொல்லி வருகின்றோம். "இங்கே கடைசியாகப் பெரிய பிழை விட்டவர் இப்போது என்ன செய்கின்றார்?" என்பதே அது. மூன்று நன்மைகளை எழுதிய கொட்டாஞ்சேனைத் தம்பி, சென்ற ஆண்டு வேறொரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது இதைக் கேட்டாராம். மேலாளர் சற்று விழித்துவிட்டுக் கண்ணாடிச் சுவருக்கப்பால் இருந்த ஒருவரைக் காட்டி, "அவர்தான்; இப்போது புதிதாக வருபவர்களுக்குக் கணக்கு எழுதப் பழக்குகின்றார்" என்றாராம். தம்பி அவரிடத்திலேதான் வேலை பழகினார்.